சாய்ந்தும் விழாத வீடு

சுவரிலே ஒரு விரிசல் கண்டால் போதும், உடனே கொத்தனாருக்கு ஆள் அனுப்பி விடுகிறோம். ஆனால், இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்தில், காங்கிள்டன் ஊருக்கு அருகே, நேர்கோடு என்று ஒன்றுமே இல்லாத ஒரு வீடு ஐந்நூறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது! 'லிட்டில் மார்ட்டன் ஹால்' என்பது அதன் பெயர்.

வீட்டைச் சுற்றிலும் அகழி. பாலத்தருகே நின்று அண்ணாந்து பார்த்தால் அடிவயிறு கலங்கும். மாடிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக முன்னால் துருத்திக்கொண்டிருக்கின்றன. வாயிற்பகுதி முழுவதும் வளைந்து நெளிந்து, தூக்கக் கலக்கத்தில் நிற்பவனைப்போல் தள்ளாடுகிறது.

1500-களின் தொடக்கத்தில் மார்ட்டன் குடும்பத்தார் கட்டத் தொடங்கிய வீடு இது. ஓக் மரச் சட்டங்கள்தான் இதன் எலும்புகள். ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு. இரண்டையும் பொருத்தி மர ஆணி அடித்து இறுக்கினார்கள். இடைவெளிகளில் மிலாறு பின்னி, மண்ணைக் குழைத்து அப்பினார்கள். ஜன்னல்களிலோ ஈயப் பட்டைகளில் கோத்த சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகள் ஏறத்தாழ 30,000! 1559-ல் முற்றத்து ஜன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல், வீட்டு எஜமானரின் பெயரோடு தம் பெயரையும் மரத்திலே செதுக்கி வைத்திருக்கிறார். உழைத்தவனுக்கு அந்த உரிமை வேண்டாமா?

அப்புறம்தான் ஆசை வந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு கூடத்தை ஏற்றி, அதன்மேல் கனத்த கல் பலகைகளால் கூரை வேய்ந்தார்கள். அந்தப் பாரத்தில்தான் கீழ்த்தளங்கள் வளைந்துபோயின. மழை நாட்களில் உலாவவும் விளையாடவும் ஏற்ற இடம் அது. சுவர்ப் பலகைகளுக்குப் பின்னாலிருந்து பதினேழாம் நூற்றாண்டு டென்னிஸ் பந்துகள்கூட அகப்பட்டிருக்கின்றன! பந்தைத் தொலைத்துவிட்டு அன்று எந்தப் பிள்ளை திட்டு வாங்கியதோ?

அந்தக் கூடத்தின் ஒரு கோடியில் அதிர்ஷ்ட தேவதை சக்கரத்துடன் நிற்கிறாள். அந்தச் சக்கரத்தை ஆள்வது அறியாமை என்கிறது எழுத்து. மறு கோடியில் விதி தேவதை. அவளுடைய கோளத்தை ஆள்வது அறிவாம்.

சக்கரம் சுழலத்தான் செய்தது. உள்நாட்டுப் போரில் மார்ட்டன் குடும்பம் அரசர் பக்கம் நின்றது. 1643-ல் எதிர்க்கட்சிப் படை வீட்டைப் பிடித்துச் சிப்பாய்களைத் தங்கவைத்தது. கடன் கழுத்தை நெரித்தது. 1670-களின் முடிவிற்குள் குடும்பத்தார் வெளியேறி, வீட்டைக் குடியானவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தெய்வத்தைத் தொழுத சிற்றாலயம் நாளடைவில் கரி கொட்டும் அறையாயிற்று!

ஆனால், வறுமையும் ஒரு வகையில் நன்மை செய்தது. கையில் பணம் புரண்டிருந்தால், நாகரிகத்துக்கு ஏற்றபடி இடித்துச் செங்கல் மாளிகை எழுப்பியிருக்கக் கூடும். பணமில்லை, வீடு பிழைத்தது.

1892-ல் தமக்கை அனபெல்லா காலமாக, பாழடைந்த வீடு எலிசபெத் மார்ட்டனிடம் வந்தது. அவர் ஒரு கன்னிகாஸ்திரீ. கணவனில்லை, குழந்தையில்லை. விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ கரி கிடந்த சிற்றாலயத்தைச் சீர்படுத்தி மறுபடியும் வழிபாட்டுக்கு உரியதாக்கினார். 1912-ல் கண்ணை மூடியபோது, உறவினரான பிஷப் சார்லஸ் ஆப்ரகாமுக்கு வீட்டை எழுதிவைத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்நாளும் விற்கக் கூடாது!

பிஷப் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். 1938-ல் வீடு நேஷனல் டிரஸ்ட் என்ற பொது ஸ்தாபனத்தின் பாதுகாப்பில் சேர்ந்தது. இன்று எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

வளைந்த தளத்தின்மேல் அதிர்ஷ்ட தேவதை இன்னமும் சக்கரத்துடன் நிற்கிறாள். அந்தச் சக்கரத்தின் கீழ் வீடு நொறுங்காமல் காத்தவை ஓக் மரத்தின் உறுதியும், ஒரு பெண்மணியின் பிடிவாதமும்தான்.