ஒன்றுகூடல் உணவும் ஒளிப்படங்களும்

புலம்பெயர் நாடுகளில் வாழும் எம்மவர்க்குக் கோடை என்பது ஒன்றுகூடல்களின் காலம். நீண்ட குளிரில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வெயில் எறிக்கத் தொடங்கியதும் பூங்காக்களை நாடுகின்றனர். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வார இறுதிகளை முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்கின்றன. கொழும்பில் இருக்கும் எனக்கு இவை முகநூல் வழியாகவே வந்து சேர்கின்றன. கோடையில் இங்கு ஞாயிறு இரவு பத்தரை மணியாகும்போது ரொறன்ரோவில் பகல் ஒரு மணி. நான் உறங்கப் போகும் நேரத்தில் அங்கே பந்தி தொடங்கும். படங்களும் வரத் தொடங்கும்.

அவற்றைப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. யுத்தம் திசைக்கொருவராகச் சிதறடித்த ஒரு வகுப்பினர், தலை நரைத்த பின்னர் ஒரே மரநிழலில் நிற்பதைக் காண்பது சிறிய விடயமல்ல. ஆயினும் அண்மைக் காலமாக அப்படங்களில் முகங்களைவிட உணவுத் தட்டுகளே அதிகமாகத் தெரிகின்றன.

2019 யூலையில் கனடா சென்றிருந்தபோது ஸ்காபரோவில் அத்தகைய ஒன்றுகூடல் ஒன்றில் நானும் கலந்துகொண்டேன். கடும் வெயில். காலை பதினொரு மணிக்கே உணவு வந்துவிட்டது. பெரிய அலுமினியத் தட்டுகளில் பிரியாணி, ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், தேங்காய்ச் சம்பல், கட்லட், ரோல்ஸ் என வரிசையாக வைத்தார்கள். தொடர்ந்து வரவேற்புரை, தலைவர் உரை, குழுப்படம், பின்னர் வராதவர்களுக்காக முகநூலில் நேரலை. தட்டுகளின் மூடிகள் படத்துக்காகத் திறக்கப்பட்டன. மீண்டும் மூட எவருக்கும் தோன்றவில்லை. பந்தி தொடங்கியபோது இரண்டரை மணி.

அன்றிரவு பல வீடுகளில் வாந்தி, வயிற்றோட்டம். உறவு முறையில் எனக்குப் பெரியம்மாவான, நீரிழிவு நோயுள்ள 78 வயது மூதாட்டி, உடலில் நீர் வற்றி நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். எந்த உணவால் நேர்ந்தது என்பதை எவரும் ஆய்ந்து உறுதி செய்யவில்லை. ஆகவே சமைத்தவர் மீது பழி போடுவதற்கில்லை. ஆனால் அவர் படுக்கையில் கிடந்த அந்த நாட்களிலும் அந்த உணவு மேசையின் படத்துக்கு விருப்புகளும் இதயக் குறிகளும் குவிந்துகொண்டிருந்தன.

இதன் பின்னுள்ள விஞ்ஞானம் எளிமையானது. 4 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பற்றீரியாக்கள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் இருக்கலாகாது. கடும் வெயில் நாளில் ஒரு மணித்தியாலமே எல்லை. சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் எனும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் அழிவதில்லை. ஆறிய சோற்றில் அவை முளைத்து உண்டாக்கும் வாந்தி நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது. மணத்தையோ சுவையையோ கொண்டு அதனை அறியவும் முடியாது.

எமது முன்னோர் பற்றீரியாவின் பெயரை அறியாவிடினும் அதன் குணத்தை அறிந்திருந்தார்கள். தூரப் பயணத்துக்குக் கட்டிச் சென்றது புளிச்சோறு. புளிப்பு பல நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும். தேங்காய்ப்பால் கறியும் சம்பலும் அன்றைய வேளைக்கே உரியவை. வெயிலில் விரைவில் பழுதாகுபவை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். குளிர்சாதனப் பெட்டி வந்ததும் அந்த எச்சரிக்கை எம்மை விட்டுப் போய்விட்டது. பூங்காவில் அந்தப் பெட்டி இல்லை என்பதும் மறந்துபோகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதல்நாள் சமைத்ததை ஆழமற்ற தட்டுகளில் பிரித்து விரைவாகக் குளிரூட்ட வேண்டும். எடுத்துச் செல்கையில் ஐஸ்கட்டிகள் நிறைந்த பெட்டியில், அல்லது சூடு காக்கும் பாத்திரத்தில் இருக்க வேண்டும். குளிர்பானங்களுக்கு வேறு பெட்டி வேண்டும். சிறுவர் அடிக்கடி திறக்கும் பெட்டியில் இறைச்சி குளிராக இராது. பச்சைக் கோழி வைத்த தட்டில் சுட்ட கோழியை வைக்கலாகாது. கோழியின் நிறத்தை நம்பாமல், தடித்த பாகத்தின் நடுவில் வெப்பமானியைக் குத்தி 74 பாகை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் மறவாமல் கொண்டுபோக வேண்டும்.

கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படங்களுக்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். யார் ஐஸ் கொண்டுவருவது, உணவு எத்தனை மணிக்கு வெளியே எடுக்கப்பட்டது, எத்தனை மணிக்கு அகற்றப்பட வேண்டும் என்பதை வட்ஸ்அப் குழுவிலேயே பதியலாம். மணியொலி வைக்க அதே தொலைபேசி போதும். படங்களை வீடு திரும்பிய பின்னர் ஆறுதலாகப் பதிவிடலாம். படத்தில் இருப்பவரின் சம்மதத்தையும் அப்போது கேட்கலாம். தட்டுகளுக்குப் பதிலாக, யார் எந்த ஆண்டில் எந்த வகுப்பில் படித்தார், எத்தனை வருடங்களின் பின் சந்தித்தார்கள் என இரண்டு வரி எழுதுங்கள். கடல் கடந்து இருக்கும் எங்களைப் போன்றவர்கள் அவற்றைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்.

பெரியம்மா தேறிவிட்டார். ஆயினும் அதன் பின்னர் எந்த ஒன்றுகூடலுக்கும் அவர் போகவில்லை. ஊர்ச் சனத்தைக் காண அவருக்கு இருந்த ஒரே நாள் அது. இந்தக் கோடையில் நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: தலைவர் உரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் போடுங்கள்.