ரூடி பேசவில்லை

பின்பால் என்னும் விளையாட்டை நம்மில் பலர் வெளிநாட்டுத் திரைப்படங்களில் மட்டுமே கண்டிருப்போம். சாய்வான மேசை, அதன்மேல் கண்ணாடி, உள்ளே ஓர் எஃகுப் பந்து. கீழ்ப்புறத்தில் இரு பக்கமும் உள்ள துடுப்புகளால் பந்தை மேலே தட்டி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் அது குழிக்குள் போய்விடும். பார்ப்பவருக்கு இது கண்ணும் கையும் ஆடும் ஆட்டம். ஆடிப் பழகியவர்களோ பாதி ஆட்டம் செவியில் நடக்கிறது என்பார்கள்.

பழைய பொறிகளில் மணிகளே ஒலித்தன. மின்காந்தம் ஒரு தண்டை உந்த, அது உலோகத் தகட்டைத் தட்டும். பத்துப் புள்ளிக்கு ஒரு நாதம், நூறு புள்ளிக்கு வேறொரு நாதம். பின்னர் மின்னணுவியல் வந்தது. 1979இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனம் 'கோர்கார்' என்ற பொறியைப் பேச வைத்தது. அதற்குத் தெரிந்திருந்தவை ஏழே சொற்கள். 1990இல் அதே நிறுவனத்திற்காகப் பாட் லாலரும் லாரி டிமாரும் வடிவமைத்த 'ஃபன்ஹவுஸ்' பொறியிலோ ஒரு பொம்மைத் தலையே அமர்ந்திருந்தது. அதன் பெயர் ரூடி. கண்ணை உருட்டுவான், வாயை அசைப்பான், ஆடுகிறவரைக் கேலி செய்வான். பந்துகளைப் பூட்டி வைத்துவிட்டு, மேசையிலுள்ள கடிகாரத்தை நள்ளிரவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அவன் உறங்கிப்போவான். வாய் பிளந்து குறட்டை விடுவான். அந்த வாய்க்குள் பந்தைச் செலுத்தினால் பல பந்துகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். எப்போது அடிக்க வேண்டும் என்பதைக் குறட்டையே சொல்லிவிடுகிறது.

குருவானவர் எழுதுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். இந்த ஆட்டத்தைச் சூதாட்டம் எனக் கருதி 1942இல் நியூயார்க் மாநகரமே தடை செய்திருந்தது. 1976இல்தான் தடை நீங்கியது. எனக்கும் இதில் தனிப்பட்ட ஈடுபாடு இல்லை. எங்கள் பங்கில் ஒருவருக்கு உண்டு, அவர்பொருட்டே கற்றுக்கொண்டேன்.

அவர் எண்ணெய்க் கப்பல்களின் எந்திர அறையில் 26 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் மாலுமிகள் கூடும் மன்றம் ஒன்றில் ரூடியோடு அவருக்கு அறிமுகம். நீரிழிவு அவருடைய விழித்திரையைக் கெடுத்துவிட்டது. செய்தித்தாள் போயிற்று, சீட்டாட்டம் போயிற்று, வழிபாட்டில் வாசகம் வாசிப்பதும் நின்றது. வளைகுடாவில் பணியாற்றும் மகன் விடுப்பில் வந்தபோது, வீட்டுக் கணினியில் ஃபன்ஹவுஸ் ஆட்டத்தை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பந்து மங்கலாகத்தான் தெரியும். ஆயினும் அது உருளும் ஓசையையும் ரூடியின் குரலையும் கொண்டு ஆடிவிடுவார். மாலை நேரங்கள் அவருக்கு அவ்வாறு கழிந்தன.

அண்மையில் அவர் ஆடுவதையே நிறுத்திவிட்டார் என்றும், கேட்டால் சலித்துவிட்டது என்கிறார் என்றும் வீட்டார் சொன்னார்கள். நான் சென்றபோது, மற்றவர்கள் உள்ளே போகும்வரை காத்திருந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாமி, பந்து உருளுற சத்தம் கேக்கு. அவன் பேசுறது மட்டும் கேக்கல. காதும் போயிட்டுன்னு நெனைக்கேன். வீட்டுல சொல்லல."

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. எந்திர அறையின் பேரிரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு முதலில் கெடுவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன். ஒலி கேட்கும், பேச்சு தெளியாது. உடன் வேலை பார்த்தவர்கள் பலருக்கு அப்படி நேர்ந்ததை அவர் கண்டிருக்கிறார். கண் போனபின் காதும் போகிறது என்று அவரே தீர்ப்பெழுதிவிட்டு, மூன்று வாரங்களாக அதை ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார்.

பேத்தியை அழைத்து ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னேன். பந்து உருண்டது, துடுப்புகள் படபடத்தன, புள்ளிகள் ஏறின. ரூடியின் உதடுகள் அசைந்தன. குரல் இல்லை.

"அண்ணாச்சி, எனக்குந்தான் கேட்கல" என்றேன்.

"நெசமாவா சாமி?" என்றார். அதே கேள்வியைப் பேத்தியிடமும் கேட்டார். அவளுக்கும் கேட்கவில்லை என்றானபின், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் அருகில் அமர்ந்துவிட்டார்.

ஆலய ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்பதால் ஒன்று எனக்குத் தெரியும்: எது கேட்கவில்லை என்பதைவிட எது இன்னும் கேட்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இங்கே பாதி ஒலி உயிரோடு இருந்தது. அது ஏன் என்பதை அறிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அறிய வேண்டும்.

மெய்யான ஃபன்ஹவுஸ் பொறியில் ஆட்டத்தை நடத்தும் பலகை வேறு, ஒலியை உண்டாக்கும் பலகை வேறு. ஒலிப்பலகைக்குத் தனி மூளை உண்டு. ஆட்டப்பலகை அதற்கு அனுப்புவது வெறும் எண்தான். அந்த எண்ணுக்குரிய இசையையோ பேச்சையோ ஒலிப்பலகை தன் நினைவகத்திலிருந்து எடுத்துத் தரும். பந்து உருளும் ஓசைக்கோ எந்தப் பலகையும் தேவையில்லை. எஃகு மரத்தின்மேல் ஓடுவதால் அது தானே எழுகிறது.

கணினியிலும் இந்தப் பிரிவு அப்படியே தொடர்கிறது. மேசையையும் பந்தையும் காட்டுவது, ராண்டி டேவிஸ் 2000இல் வெளியிட்ட விஷுவல் பின்பால் என்னும் மென்பொருள். உருளும் ஓசையும் துடுப்பின் ஓசையும் அதன் பொறுப்பு. ரூடியின் பேச்சும் இசையும் பின்மேம் என்னும் மற்றொரு மென்பொருளின் பொறுப்பு. பழைய பொறியின் பலகைகளைப் போலவே நடந்துகொண்டு, அவற்றின் நினைவகத்திலிருந்து பிரதி செய்யப்பட்ட கோப்புகளை அது இயக்குகிறது. ஆகவே எங்கள் குறை பின்மேம் பக்கம் இருந்தது. புள்ளிகள் ஏறியதால் ஆட்டப்பலகையின் நிரல் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் தெளிவு. பேச்சு மட்டுமே வழியில் எங்கோ காணாமற்போயிருந்தது.

ஆட்டத்தின் நடுவே எஃப் 1 விசையை அழுத்தினால் பின்மேம் தன் அமைப்புகளைக் காட்டும். ஒலியைப் பயன்படுத்துக என்ற கட்டத்தில் குறி இருந்தது. அடுத்து, பொறிக்குள்ளேயே இருக்கும் ஒலியளவு. மெய்ப்பொறியில் காசுபோடும் கதவைத் திறந்தால் அதற்கென்று பொத்தான்கள் இருக்கும். கணினியில் எண்ட் விசையே கதவு. 8 குறைக்கும், 9 கூட்டும். பொறி அணைந்தாலும் அந்த அளவு ஒரு சிறு கோப்பில் தங்கிவிடுவதால், எப்போதோ யாரோ தெரியாமல் குறைத்தது நாட்கணக்கில் நீடிக்கக்கூடும். பார்த்தோம், அதுவும் சரியாகவே இருந்தது.

எனவே பேச்சு உண்டாகிறது, வேறெங்கோ போகிறது. "எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டேன். முதியவர் விரலால் எண்ணிப் பார்த்தார். பேத்திதான் சட்டென்று சொன்னாள்: "புது டிவி மாதிரி பெருசா ஸ்கிரீன் வந்ததுல இருந்து, ஃபாதர்."

தந்தையின் கண்ணுக்கு உதவட்டும் என்று மகன் வாங்கி அனுப்பிய பெரிய திரை அது. பழைய திரையின் கம்பி படத்தை மட்டுமே சுமந்தது. புதியதின் எச்.டி.எம்.ஐ. கம்பியோ ஒலியையும் சேர்த்துச் சுமப்பது. திரையைச் செருகியதும் விண்டோஸ் அதையும் ஓர் ஒலிச் சாதனமாக எண்ணி, இனி எல்லா ஒலியும் இதற்கே என்று முடிவு செய்துவிட்டது. அந்தத் திரைக்கு ஒலிபெருக்கியே கிடையாது. காதணியைச் செருக ஒரு துளை மட்டும் பின்புறத்தில் இருந்தது. மேசை ஓசை எந்தச் சாதனத்துக்குப் போக வேண்டும் என்பதை விஷுவல் பின்பாலில் குறிப்பிட முடியும். மகன் பழைய ஒலிபெருக்கியைத் தேர்ந்து வைத்திருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. பின்மேம் அவ்வாறு கேட்பதில்லை. விண்டோஸ் எதை முதற்சாதனமாக வைத்திருக்கிறதோ அங்கே அனுப்பிவிடும். மூன்று வாரங்களாக ரூடி பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், வாயில்லாத ஒரு திரைக்குள்.

ஒலி அமைப்புக்குச் சென்று பழைய ஒலிபெருக்கியை மீண்டும் முதற்சாதனமாக்கி, ஆட்டத்தை மூடித் திறந்தோம். இரண்டு நிமிட வேலை. பேத்தி பந்தை ஏவினாள். அறை முழுவதும் இசை நிறைந்தது. முதற்பந்து குழியில் வீழ்ந்ததுமே ரூடி கேலியைத் தொடங்கிவிட்டான்.

முதியவர் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இவன் ரொம்பக் கத்துறான் சாமி. பந்து எங்க போகுதுன்னு தெரியல" என்றார். எனக்கு அது உடனே விளங்கவில்லை, பிறகு விளங்கியது. கண்ணால் ஆடுகிறவருக்கு இசை எவ்வளவு உரத்திருந்தாலும் கவலையில்லை. அவருக்கோ அடியிலிருக்கும் அந்த உருளும் ஓசை மறையக் கூடாது. 8ஆம் விசையை ஒருமுறை அழுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள் பேத்தி. "இன்னும்" என்றார். மறுமுறை அழுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டார். விசைகளின்மேல் விரல்களை வைத்துக்கொண்டார்.

நான் விடைபெற்றபோது மேசைக் கடிகாரம் நள்ளிரவை எட்டியிருக்க வேண்டும். வாசல்வரை குறட்டை கேட்டது. தொடர்ந்து துடுப்பின் ஓசை கேட்டது.