கொள்ளைநோய்க் காலத்தில் குடியானவர்க்கு வந்த பணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செல்வம் கொழிக்கிறதென்று கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு, அந்நாட்டுக் குடியானவரும் சர்க்காரின் கையை எதிர்பார்த்திருந்தனர் என்பது வியப்பாகத் தோன்றலாம். 2020-ஆம் ஆண்டில், பயின்றுவந்த கல்விச்சாலை கொள்ளைநோயால் மூடப்பட்டமையின், விஸ்கான்ஸின் மாகாணத்து நாட்டுப்புற ஜில்லா ஒன்றில் ஒரு முதியவர் வீட்டில் யான் தங்க நேர்ந்தது. அவருக்கு எண்பது கறவை மாடுகள். அம்மாகாணத்து மோட்டார் வண்டிகளின் எண் பலகையிலேயே 'அமெரிக்காவின் பால் நாடு' என்று பொறித்திருக்கும். ஆயினும் முந்திய 2019-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே எண்ணூறுக்கு மேற்பட்ட பால் பண்ணைகள் மூடப்பட்டிருந்தன.

பள்ளிகளும் உணவு விடுதிகளும் அடைபடவே, பாலையும் பாற்கட்டியையும் கொள்வாரில்லை. மாடோ ஊரடங்கு அறியாது. கறவாது விட்டால் மடி நோயுறும். ஏப்ரலில் ஒருநாள், பால் கொள்முதல் செய்வோர் கேட்டுக்கொண்டபடி, இரு வேளைப் பாலையும் முதியவர் சாணக்குழியில் திறந்துவிட்டார். அன்று அவர் உணவு கொள்ளவில்லை. பாலைக் கொட்டுவது பாவம் என்று நம் பாட்டிமார் சொல்வது அவர்க்கும் தெரிந்தே இருந்தது போலும்.

அம்மாதம் 17-ஆம் நாள், 1,900 கோடி டாலர் உதவியைச் சர்க்கார் அறிவித்தனர். இதில் 1,600 கோடி நேரே விவசாயிகட்கு. 300 கோடி, பால், இறைச்சி, காய்கறி முதலியன வாங்கிப் பெட்டிகளில் இட்டு வறியோர்க்கு வழங்க. மே 26 முதல் ஜில்லா விவசாய ஆபீஸில் மனுக்கள் ஏற்கப்பட்டன. ஆபீஸ் கதவு தாழிட்டிருந்தது, யாவும் தொலைபேசியிலேயே. கணக்கிடும் பணி என் தலையில் விழுந்தது.

கணக்கு எளிதே. ஜனவரி முதல் மார்ச் முடியக் கறந்த பாலில் நூறு பவுண்டுக்கு 6 டாலர் 20 சென்ட். மாட்டுக்கு நாளொன்றுக்கு 70 பவுண்டாக, எண்பது மாடுகட்கு 31,500 டாலருக்குச் சற்று மேல் வந்தது. அதில் நூற்றுக்கு எண்பது பங்கே முதலில் தருவர். எஞ்சியது பணம் மிஞ்சினால். கிடைத்த 25,000 டாலரளவும் தீவனக்காரர் பாக்கிக்கே சென்றது.

ஆயிரம் மாடு உடையவர்க்கு அதே கணக்கில் ஏறக்குறைய 3,95,000 டாலர் ஆகும். ஒருவர்க்கு 2,50,000 டாலர் என்று வரம்பிட்டிருந்தனர். ஆனால் கூட்டு நிறுவனமாயிருந்து மூவர் அதில் உழைப்பதாகக் காட்டின் 7,50,000 வரை பெறலாம். இஃது என்ன வரம்போ! வேலியில் வாயில் வைத்து, அவ்வாயிலைப் பெரிய மாட்டின் அளவுக்கு அமைத்தாற்போல் எனக்குப் பட்டது. முதியவரிடம் இதனைச் சொன்னேன். "அவர்கள் பாலை அளந்தார்கள், கடனை அளக்கவில்லை" என்று மட்டும் சொல்லி மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார். அவர் நியாயமாகவே பேசினார். இழந்த பாலுக்கு ஈடென்றால், மிகுதியாகக் கறந்தவர்க்கே மிகுதி சேரும். வீழ்வோரைத் தாங்குவது நோக்கமாயின், வேறு அளவுகோல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அவ்வட்டாரத்துப் பெரிய பண்ணைகளில் கறப்போர் பலர் மெக்ஸிகோ முதலிய நாடுகளினின்று வந்தோர். பண்ணைக்குரிய இப்பணம் உடையவர்க்கே உரியது. பொதுமக்கட்கென அளித்த 1,200 டாலரும் குடியேற்றச் சீட்டில்லாதார்க்கு இல்லை. கறவையோ ஒருநாளும் நிற்கவில்லை.

விலையின் கூத்தையும் சொல்லவேண்டும். பாற்கட்டி செய்யும் பாலுக்கு மே மாதத்தில் நூறு பவுண்டு 12 டாலரளவு. ஜூனில் 21 டாலர். சர்க்கார் பெட்டிகட்குப் பாற்கட்டி வாங்கியதும் விடுதிகள் திறந்ததும் விலையை ஏற்றின. ஆகவே சிலர்க்கு விலை ஏறிய பின்னரே உதவிப் பணம் கைக்கு வந்தது. எஞ்சிய இருபது பங்கு ஆகஸ்டில் வந்தது. அதற்குள் முதியவர் பன்னிரண்டு கிடேரிகளை விற்றிருந்தார்.