யார் யாருக்குப் பொறுப்பு?

'பொறுப்புக்கூறல்' என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்த தமிழ் மாணவர் எமது தலைமுறையில் இருத்தல் அரிது. 2009 ஆம் ஆண்டின் பின்னர், ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும் காலமெல்லாம் அச்சொல் எமது பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வரும். கூட்டம் கலைந்ததும் உட்பக்கங்களுக்குள் மறைந்துவிடும். அச்சொல்லின் பொருளை நான் முதன்முதலாகச் சிந்திக்கத் தலைப்பட்டது அரசியல் வகுப்பில் அன்று, கணினி விளையாட்டில் என்று கூறின் நகைப்போர் இருப்பர். இவ்விளையாட்டுக்களைக் காலத்தைக் கொல்லும் கருவிகள் என ஒரே வரியில் ஒதுக்கிவிடும் பெரியோர் எம்மிடையே உளர். காலம் கொல்லப்படுவது மெய்யே. ஆயினும் அங்கு நிகழ்வது அது மட்டுமன்று.

இணையவழி விளையாட்டுக்கள் பலவற்றில் ஐவர் ஓரணியாகச் சேர்வர். அவ்வைவரும் ஒருவரையொருவர் அறியாதோர், புனைபெயர் பூண்டோர். தோல்வி நெருங்கியதும் வசை தொடங்கும். தாயைப் பழித்தல், நாட்டைப் பழித்தல், நிறத்தைப் பழித்தல் என அது படிப்படியாக ஏறும். கேட்பது பெண்குரலாயின் வசையின் தரம் இன்னும் தாழும். என்னுடன் பயிலும் மாணவியர் சிலர் ஆண்பெயர் சூடி, ஒலிவாங்கியை மூடிவைத்தே விளையாடுகின்றனர். அவர்களிற் பாதிப்பேர் இப்போது அதனையும் விட்டுவிட்டனர்.

'லீக் ஒஃப் லெஜன்ட்ஸ்' என்னும் விளையாட்டை நடத்தும் நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் இதற்கொரு வழி காண முயன்றது. தீர்ப்பாயம் எனப் பொருள்படும் 'ட்ரைபியூனல்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். முறைப்பாட்டுக்கு உள்ளானவர் ஆட்டத்தின்போது எழுதிய வாசகங்கள் ஏனைய ஆட்டக்காரர் முன் வைக்கப்படும். அவர்கள் அவற்றை வாசித்துத் தண்டனையா மன்னிப்பா என வாக்களிப்பர். ஆரம்பத்தில், பெரும்பான்மையோடு ஒத்த தீர்ப்பளித்தோருக்கு ஆட்டத்தினுள் செலவிடத்தக்க சிறு வெகுமதியும் உண்டு. விளைவை ஊகித்தல் கடினமன்று. தண்டனையே வெல்லும் என்று கணக்கிட்டு, வாசகத்தை வாசியாமலே பொத்தானை அழுத்தும் நீதிபதிகள் தோன்றினர். வெகுமதி பின்னர் நீக்கப்பட்டது. 2014 இல் தீர்ப்பாயமே மூடப்பட்டது. நான் விளையாடத் தொடங்குமுன் மறைந்துபோன இதன் கதையை மூத்த ஆட்டக்காரர் வாயிலாகவே அறிந்தேன். குறைபாடுள்ள ஏற்பாடுதான். எனினும் குற்றம் இன்னதென்பது அங்கே எழுத்தில் இருந்தது. இன்று தீர்ப்பளிப்பவர் நாளை அதே கூண்டில் ஏறக்கூடியவராக இருந்தார். இவ்விரண்டும் சேர்ந்திருக்கும் நிறுவனம் ஒன்றை எமது பொதுவாழ்வில் நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்றொன்றையும் இங்கு குறிப்பிடுதல் தகும். ஒரு பாத்திரத்தின் வாள்வீச்சு வலுவைச் சிறிதளவு குறைத்தாலும், பெரிய விளையாட்டுக்களை நடத்துவோர் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே இட்டு அறிக்கை வெளியிடுவர். மாற்றியதேன் என்பதற்கும் பெரும்பாலும் இரு வரி எழுதுவர். ஆட்டக்காரரின் கோபத்துக்கு அஞ்சி, இலாபத்தைக் கருதிச் செய்யப்படுவதே அது, அறத்தின்பாற்பட்டதன்று. ஆனால் 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டபோது, இடையில் வாடிய பயிரைப் பார்த்து நின்ற விவசாயிக்கு அத்தகைய இரு வரியேனும் நேர்மையாக எழுதப்பட்டதா?

எமது நாட்டில் இணையத்திற் பேசியோர் எவ்வாறு பொறுப்புக்கூற வைக்கப்பட்டனர், ஆண்டோர் எவ்வாறு பொறுப்புக்கூற வைக்கப்பட்டனர் என்பதை ஒப்புநோக்குதல் வேண்டும். சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர் முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலிற் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரால் 2007 இல் இயற்றப்பட்ட சட்டமே அவரைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது என்பது கசப்பான நகைச்சுவை. இனி மறுபுறம்: 2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம், கோத்தாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ உட்படப் பலர் நாட்டின் பொருளாதார நெருக்கடி தொடர்பில் மக்களின் நம்பிக்கையை மீறினர் என, நால்வருக்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. மனுதாரருக்கு வழக்குச் செலவாகக் கிடைக்க வேண்டியது தலா 150,000 ரூபா. எரிபொருள் வரிசையில் நின்ற ஏனையோருக்குக் கிடைத்தது அத்தீர்ப்பு வாசகம் மாத்திரமே.

சொல்லுக்குப் பொறுப்பு வேண்டாம் என்பதன்று என் கட்சி. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, முகநூலிற் பரவிய வெறுப்புரை அத்தீக்கு நெய்யாயிற்று. அரசு ஒருவாரமளவில் சமூக ஊடகங்களை முடக்கியது. முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கோர 2020 ஆம் ஆண்டு வரை சென்றது. ஆகவே சட்டமொன்று தேவை என்பாரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் வந்தது எத்தகைய சட்டம்? 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றுக்கு வழங்கிற்று. குற்றங்கள் சிலவற்றுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் வேண்டிய திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை எனச் சபாநாயகருக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணை அடுத்த மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. மேடையிற் பொய்யுரைத்து வாக்குப் பெறுவோரை அவ்வைவர் முன் நிறுத்த இயலுமா என்று சட்டம் பயிலும் நண்பரொருவரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

இவ்வெறுப்பு எமக்கு மட்டும் உரியதன்று. 2025 செப்டெம்பரில் நேபாள அரசு 26 சமூக ஊடகத் தளங்களைத் தடைசெய்தது. ஊழலையும் அத்தடையையும் எதிர்த்து 8 ஆம் திகதி வீதிக்கு இறங்கிய இளைஞரில் 19 பேர் அன்றே உயிரிழந்தனர். மறுநாள் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது, பிரதமர் கே. பி. சர்மா ஒலி பதவி விலகினார். அடுத்து ஆள்வது யார் என்பதை அவ்விளைஞர் விவாதித்த இடமே எம்மை வியக்க வைத்தது. 2015 இல் கணினி விளையாட்டுக்காரர் தம்முட் பேசிக்கொள்வதற்கென உருவாக்கப்பட்ட 'டிஸ்கோர்ட்' என்னும் தளத்தின் அரட்டை அறையொன்றில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடினர், பெயர்களைப் பிரேரித்தனர், வாதாடினர், வாக்களித்தனர். முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கி முன்னிலை பெற்றார். 12 ஆம் திகதி அவரே இடைக்காலப் பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார்.

அச்செய்தி வந்த இரவு எமது விடுதியில் ஆட்டம் நின்றுபோயிற்று. நாம் வசை கேட்டுப் பழகிய அதே தளத்தில் ஒரு நாட்டின் தலைமை பேசப்பட்டதில் சிலருக்குப் பெருமிதம். எனக்கோ மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றின. வாக்களித்தோர் யாவரும் நேபாளத்தவர்தாமா, ஒருவரே இரு பெயரில் வந்தனரா என்பதை அறிய வழியில்லை. கைப்பேசி இல்லாத மலைக்கிராமத்து உழவன் அவ்வறையில் இருந்திருக்க முடியாது. இதனைச் சொன்னபோது அறைத்தோழர் மறித்தார்: "எமது பாராளுமன்றத்தில் கையுயர்த்துவோரின் பெயரும் ஊரும் எமக்குத் தெரியும். தெரிந்து என்ன கண்டோம்?"

"கார்க்கி தவறிழைத்தால் அந்த அறையில் யாரிடம் போய்க் கேட்பது?" என்றேன்.

அதற்கு அவரிடமும் விடை இருக்கவில்லை. விடியும்வரை பேசினோம்.