கூட வந்தவர்கள்

ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவரில், தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் மன்னர் சேதுபதியைக் காண வந்திருக்கிறார்கள். கட்டடம் கிழவன் சேதுபதி காலத்தது. ஓவியங்கள் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை, ஏறத்தாழ 1720. இராமாயணம், தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், இராஜராஜேஸ்வரி கையால் சேதுபதி செங்கோல் பெறுவது என்று சுவர் முழுக்கக் கதைதான். ஆனாலும் எப்போது போனாலும் என் கால் அந்தத் தூதுக்குழுவின் முன்னால்தான் நிற்கும். கீழக்கரையில் டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்த காலம் அது. முத்துக்கும் சங்குக்கும் சேதுபதியின் தயவு வேண்டும். யார் யாரைத் தேடி வந்தார்கள் என்பதை அரண்மனை தன் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டது.

ஏறக்குறைய அதே வருஷங்களில், 1711-இல், ஜப்பானில் நீளமான சுருள்களில் ஓர் ஊர்வலத்தை வரைந்தார்கள். கொரிய அரசரின் தூதுக்குழு 1607 முதல் 1811 வரை 12 முறை ஜப்பானுக்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் நானூறு, ஐந்நூறு பேர். சுஷிமா தீவு வழியாகக் கப்பலில் ஒசாகா வரை. பிறகு தரைவழியே எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. கடைசிக் குழு மட்டும் சுஷிமாவோடு திரும்பியது. சுருளை விரிக்க விரிக்கக் கொடிக்காரர், மேளக்காரர், குதிரைக்காரர், அரசரின் கடிதத்துக்கென்றே ஒரு பல்லக்கு என்று வந்துகொண்டே இருக்கிறது. இன்னார் என்ன வேலைக்கு வந்தார் என்ற குறிப்பும் உண்டு. 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இந்தத் தூதுக்குழு ஆவணங்கள் சேர்ந்தன.

அச்சில் அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்கு வண்டியூர் ஞாபகம்தான் வந்தது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கிய அழகர் இராமராயர் மண்டபம் தாண்டி, இரவில் எங்கள் ஊர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேருவார். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே வரிசை சொல்லும்: முதலில் அதிர்வேட்டு, அப்புறம் கொம்பு, தவில், நாயனம், குடை, பல்லக்கு, பின்னால் உண்டியல் வண்டிகள். தீவட்டிக்காரர் ஒருவர் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறார். ஒரு கையில் தீவட்டி, மறு கையில் எண்ணெய்ச் செம்பு. காற்று வரும் பக்கம் முதுகைக் கொடுத்து, நடக்கிற நடை குறையாமல், சுடர் மங்கும் நேரம் பார்த்து எண்ணெய் விடுவார். ஒரு சொட்டு தரையில் விழாது. தோப்பறை என்ற தோல்பையைத் தோளில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சி வருகிறவர்கள் அவரை நெருங்காமல் விலகிப் போவார்கள். அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வரைந்தவர் பெயராவது மிஞ்சிய ஓர் இடம் திருவாரூர். தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், முசுகுந்தன் இந்திரனிடமிருந்து தியாகராசரைக் கொண்டுவந்த கதையைப் பட்டை பட்டையாக வரைந்தவர் சிங்காதனம். 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. கழுத்து நோக அண்ணாந்து பார்த்தால், சாமி புறப்பாட்டில் வாத்தியக்காரர்களும் வாணவேடிக்கையும் தெரிகின்றன. காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்கமும் உண்டு. ஊர்வலம் என்றால் கூட வருகிறவர்கள்தான் என்பது அந்தத் தூரிகைக்குத் தெரிந்திருக்கிறது.

மறுபடி இராமலிங்க விலாசத்துக்கே மனசு போகிறது. சேதுபதி யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கு விசிறியவர், வாசலில் நின்றவர், ஐரோப்பியர் பேச்சை அவர் காதுக்குக் கொண்டுபோனவர், இவர்களையும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. முந்நூறு வருஷம் கழித்து அதற்கு வழியில்லை. வண்டியூருக்கு வழியிருக்கிறது. ஸ்ரீபாதம்தாங்கிகளும் குடைக்காரர்களும் வேட்டுக்காரர்களும் இந்த வருஷமும் வருவார்கள். பெயர், ஊர், எத்தனை தலைமுறையாக இந்த வேலை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி, படமும் எடுத்து, கோயிலில் ஒரு பிரதி, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்திரைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.