பனி ஊதும் இயந்திரமும் நானும்

புதுவையில் பிறந்து வளர்ந்து, அரசு அலுவலக எழுத்தராக ஓய்வு பெற்ற எனக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். அதற்கு ஒரு மஃப்ளர் போதும். கனடாவில் மாண்ட்ரியலை ஒட்டிய லாவாலில் மகன் வீடு வாங்கிய பிறகுதான், பனியை அள்ளிக் கொட்டவும் வேண்டும் என்பது தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு குளிர்காலத்துக்குச் சுமார் 2 மீட்டர் பனி விழுகிறது.

ஒரு ஜனவரியில் நாங்கள் அங்கே இருந்தபோது மகன் வெளியூர் போயிருந்தான். மருமகளுக்குக் காலை ஷிஃப்ட். இரவு முழுக்கப் பனி. விடிவதற்குள் நகராட்சி வண்டி தெருவைச் சுத்தம் செய்து, ஒதுக்கிய பனியை நம் வாசலுக்குக் குறுக்கே வரப்பு மாதிரி போட்டுவிட்டுப் போயிருந்தது. வானத்திலிருந்து விழுவது பஞ்சு. இந்த வரப்போ ஈரம் ஏறி இறுகிக் கல்லாகக் கிடக்கும். சும்மாதானே இருக்கிறோம் என்று ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பத்து நிமிஷத்தில் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருந்தது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மாமா, அதைக் கீழே போடுங்க! உள்ளே வாங்க!” என்று மருமகள் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாள்.

மருத்துவமனையில் மாரடைப்பு இல்லை என்றார்கள். ஆனால் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், கையால் பாரம் தூக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தார். அன்றைக்கு மருமகள் வேலைக்குப் போகவில்லை. உதவப் போய் உபத்திரவமானேன்.

திரும்பி வந்த மகன் கோபித்துக்கொள்ளவில்லை. “மெஷின் வாங்கிடலாம்ப்பா. எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றான். என்னை ஷவல் பக்கம் போகவிடாமல் வைக்க அவன் கண்ட வழி அது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பழைய வழக்கப்படி ஒரு நோட் போட்டேன்.

ஒற்றைக் கட்ட இயந்திரம்: விலை குறைவு, எடை குறைவு. ஆனால் அதன் ரப்பர் அலகு தரையைத் தொட்டே சுழல்வதால் ஜல்லித் தரைக்கு ஆகாது. இறுகிய வரப்பையும் சமாளிக்காது. இரட்டைக் கட்டம்: முன்னால் உள்ள இரும்புத் திருகு பனியை அரைத்து இழுக்கும், பின்னால் உள்ள விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர வீசும். சக்கரங்களும் எஞ்சின் பலத்தில் ஓடும். இரண்டு கார் அகல வாசலுக்கு 24 அங்குலம் போதும். சிபாரிசு: இரண்டாவது. மகன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

பெட்டியில் வந்த கையேட்டில் பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. பிரெஞ்சுப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். கியூபெக்கில் இந்த இயந்திரத்துக்கு ‘சூஃப்ளேஸ்’ என்று பெயர். ஊதுகிறவள் என்று அர்த்தம். ‘சூஃப்ளேர்’ என்றால் நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன். பள்ளி நாடகங்களில் எனக்கு எப்போதும் அந்த வேஷம்தான்! எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

நான் படிக்கப் படிக்க மகன் செய்தான். முதலில் எண்ணெய், எஞ்சின் எண்ணெய் இல்லாமல்தான் வந்திருந்தது. பிறகு இரண்டு பக்கச் சறுக்குக் கட்டைகளையும் ஒரே உயரத்தில் முடுக்கினான், சுரண்டும் தகடு தரையில் உரசாதபடி. திருகில் குத்தியிருக்கும் சிறிய ஷியர் பின்களில் இரண்டு உபரியாக வாங்கி வைத்தோம். கல்லோ கட்டையோ சிக்கினால் அந்தப் பின் உடைந்து, விலை உயர்ந்த கியர் பெட்டியைக் காப்பாற்றும். புகை விஷம் என்பதால் கராஜுக்கு வெளியே தள்ளி வந்துதான் எஞ்சினைக் கிளப்பினோம்.

அடுத்த பனிப்பொழிவு ஈரப் பனி. பாதி வாசல் தாண்டுவதற்குள் குழாய் அடைத்துக்கொண்டது. மகன் எஞ்சினை அணைத்தான், கையுறையோடு குனிந்தான். ஜன்னலில் நின்றிருந்த நான் கதவைத் திறந்துகொண்டு கத்தினேன்: “கை வைக்காதடா! குச்சி! குச்சியை எடு!”

திகைத்துப் போய், இயந்திரத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குச்சியை எடுத்துக் குத்தினான். அடைப்பு விலகியதும், அணைந்த எஞ்சினிலேயே விசிறி சட்டென்று கொஞ்சம் சுழன்று நின்றது. அடைத்திருக்கும் விசிறியில் விசை தங்கியிருக்கும் என்று முந்தின இரவு பிரெஞ்சில் படித்தது அப்படியே கண்முன் நடந்தது.

அவன் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “உள்ளே போங்கப்பா, குளிருது” என்றான்.

இப்போதும் பனிக்காலம் அங்கே போனால் ஷவலைத் தொடுவதில்லை. மகன் இயந்திரத்தைக் கிளப்பும்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கையேடு மடியில் இருக்கும்.