நான் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு என் அக்காள் மகள் லீவுக்கு வந்திருந்தாள். வேலை பார்க்கிறவள், கல்யாணம் ஆகவில்லை. இரண்டாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, மூன்று மாதமாக வரவில்லை. மார்பில் பால் மாதிரி கசிகிறது."

பெண் மனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். "பயந்துவிட்டாயா, அம்மா?" என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டதோ, "யார் அவன்?"

அவள் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரம்மாளிடம் போனோம். அவரும் முதலில் கர்ப்பமா என்றுதான் பரிசோதித்தார். ஆனால் அவர் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் தைராய்டுக்கும் புரொலாக்டினுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது. புரொலாக்டின் 96. கர்ப்பிணியும் பாலூட்டுகிறவளும் அல்லாத பெண்ணுக்கு அது ஏறக்குறைய 25-க்குள் இருக்க வேண்டுமாம்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி. பாலைச் சுரக்கச் செய்யும் புரொலாக்டின் அங்கிருந்துதான் வருகிறது. மூளையின் டோபமைன் அதற்கு எப்போதும் கடிவாளம். கடிவாளம் தளர்ந்தால், பிள்ளை பெறாத உடம்பும் பெற்றதாக எண்ணிக்கொள்ளும். பால் கசியும், மாதவிலக்கு தப்பும், கர்ப்பம் தரிப்பது கடினமாகும். தைராய்டுக் குறைவாலும் இது வரலாம். சுரப்பியில் சிறு கட்டி வந்தாலும் ஏறும். அது அநேகமாகப் புற்றுநோயல்ல, காபர்கோலின் மாத்திரைக்கே பெரும்பாலும் சுருங்கிவிடும். தலைவலியும் பார்வையின் ஓரங்களில் மங்கலும் சேர்ந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

"வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று டாக்டரம்மாள் கேட்டார். அதுவல்லவா கேள்வி! நெஞ்செரிச்சலுக்கென்று மருந்துக் கடையில் தானாகவே வாங்கி நாலு மாதமாக விழுங்கி வந்திருக்கிறாள். அதில் டோம்பெரிடோன் கலந்திருந்தது. டோபமைனின் கையைக் கட்டிப்போடும் மருந்து.

மாத்திரையை நிறுத்தினாள். ஊருக்குத் திரும்பி மறுபடி ரத்தம் பார்த்ததில் அளவு இறங்கியிருந்தது. இரண்டு மாதத்தில் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. இந்தச் செய்தி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் என்னோடு இப்போதும் பிரியமாகத்தான் பேசுகிறாள். என் கதைகளைக்கூடப் படிக்கிறாள். தன் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.